மிதித்தால் இழுத்த கார்

அன்பு மகனுக்கு,

உனக்கு என் ஸலாம். சுகம் விசாரிக்கிற வேலையை உன் உம்மா வெள்ளிக்கிழமை போனிலேயே முடித்துவிட்டபடியால் நேரே விசயத்துக்கு வருகிறேன். கார்ச் சாவியை உன் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டேன். நீ கேட்டபடி இனி நான் கார் ஓடப்போவதில்லை. அதற்காக உன்னோடு வழக்காட எனக்கு விருப்பமும் இல்லை, ஓடின ஓட்டம் போதும். ஆனால் அன்றைக்கு நீ கதையோடு கதையாகச் சொன்ன இரண்டு விசயங்கள் எனக்குள்ளே கிடந்து குடைகின்றன. ஒன்று, “அந்தக் காலத்திலயே உங்கட கை சரியில்லதானே வாப்பா, மாவடிப்பள்ளி வயலுக்குள்ள காரை விட்ட ஆள்தானே நீங்க” என்று சொல்லிச் சிரித்தது. மற்றது, புதுப் பதவி கிடைத்து நாலு மாதமாகியும் வேலை பிடிபடவில்லை என்றும், “என்ட மண்டை இவ்வளவுதான் வாப்பா, எழுதிக் குடுத்திட்டுப் பழைய இடத்துக்கே போகப்போறன்” என்றும் சொன்னது. முதலாவதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. இரண்டாவதைக் கேட்டுப் பயம் வந்தது. ஏனென்றால் இதே வசனத்தை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். மண்டை என்பதற்குப் பதிலாகக் கை என்று சொன்னேன், அவ்வளவுதான் வித்தியாசம். அது தவறு என்று நிரூபித்த கதையை உனக்கு யாரும் முழுதாகச் சொல்லவில்லைப் போலிருக்கிறது. வயலுக்குள் விழுந்தது மட்டும்தான் உன் காதுக்கு வந்திருக்கிறது.

என் வலது முழங்கை முழுதாக நீளாது என்று உனக்குத் தெரியும். கலியாணத்துக்கு முன்னர் நான் ஒரு நெல் லொறியில் உதவியாளாக நின்றேன். ஒருநாள் லொறியின் பின்கதவு கழன்று விழுந்து கை முறிந்தது. முறிவு வைத்தியர் கட்டின கட்டில் எலும்பு பொருந்தினது, ஆனால் கொஞ்சம் வளைந்து பொருந்தினது. அதோடு எனக்குக் கோணக்கை என்று பேர் வந்தது. வாடகைக் கார்கள் நிற்கிற கல்முனை ஹயர் ஸ்டாண்டில் என் சொந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, கோணக்கை என்றால் மூன்று பேர் கை காட்டுவார்கள். நான் அதற்குக் கோபித்ததில்லை. அந்தக் கையாலேயே பத்து வருசத்துக்கு மேல் ஒரு பழைய இங்கிலீசுக் காரை, பொத்துவில் வரைக்கும் மட்டக்களப்பு வரைக்கும், ஒரு கீறல் விழாமல் ஓட்டியிருந்தேன்.

பிறகு இறக்குமதிக்கு நாட்டைத் திறந்துவிட்டு ஜப்பான் கார்கள் இறங்கத் தொடங்கின காலம் வந்தது. எண்பதுகளின் தொடக்கம். நான் பழையதை விற்று, கொழும்பில் யாரோ சில வருசம் பாவித்த ஒரு சின்ன வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டு வந்தேன். ஸ்டாண்டில் அதுதான் முதலாவது முன்சில்லுக் கார், முன்சக்கரங்கள் இழுக்கிற கார். உனக்கு இது விளங்க வேண்டும். பழைய கார்களில் இஞ்சினின் பலம் பின்சில்லுகளுக்குப் போகும். அவை பின்னாலிருந்து தள்ளும், முன்சில்லுகளுக்குத் திரும்புகிற வேலை மட்டும்தான். இந்தக் காரிலோ முன்சில்லுகளே இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். “முன்னங்கால்ல நடக்கிற ஆடு” என்று ஸ்டாண்டில் மூத்தவரான ஜப்பார் காக்கா சிரித்தார். நான் காது கொடுக்கவில்லை. பழைய காரில் கேட்டு வந்த சத்தம் ஒன்றும் அதில் இல்லை. உன் உம்மாவை ஏற்றிக்கொண்டு முதல்நாள் மருதமுனைக்கு அவளுடைய வாப்பா வீட்டுக்குப் போனபோது, நெசவுத் தெருவில் தறிகளை நிறுத்திவிட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஆறேழு மாதம் போக ஒரு விசயம் தொடங்கினது. இரண்டாவது கியரைப் போட்டு எக்ஸிலேட்டரை மிதித்தால் கார் இடப்பக்கம் போகப் பார்க்கும். கியர் மாற்றுகிற நேரம் இடது கை கியரில் இருக்கும், ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது வலது கை மட்டும்தான். ஆகவே எனக்குத் தோன்றினது ஒன்றேதான்: கைக்கு ஏலாமல் போகிறது. முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை, முறிந்த கை விட்டுக் கொடுக்கத் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இறுக்கிப் பிடித்தேன். இறுக்கிப் பிடிக்கப் பிடிக்கக் கை வலித்தது, வலிக்க வலிக்க என் எண்ணம் உறுதியானது.

அந்த நிலையில்தான் உதுமாலெவ்வை ஹாஜியாரையும் அவருடைய மனைவியையும், மடியில் பலகாரத் தட்டுகளோடு, சம்மாந்துறையில் ஒரு கலியாண வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனேன். மாவடிப்பள்ளி தாண்டி வயல்களுக்கு நடுவே ஒரு ட்ரக்டர் வைக்கோல் ஏற்றின பெட்டியை இழுத்துக்கொண்டு முன்னால் போனது. முந்துவதற்காக வலப்பக்கம் எடுத்து நன்றாக மிதித்தேன். கார் இடப்பக்கம், நேரே வைக்கோல் பெட்டியை நோக்கி இழுத்தது. பதறிப்போய் ஸ்டியரிங்கை வலப்பக்கம் வெட்டினேன். அதே நேரம் பயத்தில் காலையும் எடுத்தேன். கார் ஒரு துள்ளு துள்ளி வீதியின் வலக்கரையால் இறங்கி வெள்ளாமைக்குள் போய் நின்றது. அல்லாஹ் காப்பாற்றினான், யாருக்கும் ஒரு காயமில்லை. ஹாஜியார் வெள்ளைச் சாரனோடு முழங்கால் சேற்றில் நின்று, ஒரு பலகாரத் தட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து மெல்லமாகத்தான் சொன்னார்: “கைக்கு ஏலாட்டி உனக்கு ஏன் தம்பி காரு?” அவர் ஏசியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

காரைதீவில் தங்கராசா பாஸிடம் கொண்டுபோனேன். என் பழைய காரை அத்தனை வருசமும் பார்த்த மெக்கானிக் அவர்தான். நூல் பிடித்துச் சில்லுகளின் நேரைப் பார்த்தார். சந்தி வரைக்கும் ஓடிப் பார்த்துவிட்டு வந்தார். “நேராத்தான் போகுது தம்பி. காரில ஒண்டும் இல்ல” என்றார். அதைச் சொல்லும்போது அவருடைய பார்வை என் முழங்கைக்குப் போய், உடனே வேறு பக்கம் திரும்பினது. எனக்கு அது போதுமாக இருந்தது.

மகன், இதற்குப் பிறகு நான் செய்தவற்றைச் சொல்ல எனக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது. தூர ஹயர்களை விட்டுவிட்டேன். கேட்டவர்களிடம் கார் சரியில்லை என்று சொன்னேன், உன் உம்மாவிடம் ஹயர் குறைவு என்று சொன்னேன். கார் சரியில்லை என்று நான் பொய்யாகச் சொன்னதுதான் உண்மையாக இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் நின்று ஒரு செங்கல்லை வலது கையால் தூக்கித் தூக்கி இறக்கினேன். முழங்கைக்கு எண்ணெய் தேய்த்தேன். கடைசியில், அக்கரைப்பற்றில் ஒருவருக்குக் காரை விற்பதாகப் பேசி முடித்துவிட்டு, வந்து உன் உம்மாவிடம் சொன்னேன். நீ அப்போது தவழ்கிற பிள்ளை. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: “ஏன் விக்கிறீங்க?”

“கைக்கு ஏலாது. காரு இடப்பக்கம் இழுக்குது, என்னால புடிக்க ஏலாது.”

அவள் உன்னைப் பாயில் இறக்கி இருத்தினாள். பிறகு, “விக்கிறதுக்கு முன்ன நீங்க விழுந்த இடத்த எனக்கு ஒருக்காக் காட்டுங்க” என்றாள். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அடுத்த நாள் காலை இரண்டு பேரும் போனோம். அவள் இறங்கி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வீதியின் இரண்டு கரையையும் பார்த்தாள். வலக்கரையில் வரம்பு உடைந்த தடம் இன்னும் தெரிந்தது.

“இழுத்தது எந்தப் பக்கம்?”

“இடப்பக்கம்.”

“விழுந்தது?”

“வலப்பக்கம்.”

“பெலமில்லாத கை எண்டா இடப்பக்கம் இழுக்கக்குள்ள அந்தப் பக்கம்தானே போய் முட்டியிரிக்கணும்? வலப்பக்கம் இவ்வளவு தூரம் கொண்டுபோய்ப் போட்டது ஆரு?”

“நான்தான் வெட்டின.”

“ஏலாத கையாலயா?”

நான் உடைந்த வரம்பைத் திரும்பப் பார்த்தேன். அவள் வந்து ஏறிக் கதவைச் சாத்தினாள். முன்னும் பின்னும் வீதியில் ஒரு சைக்கிள்கூட இல்லை. “மெதுவா எடுங்க. ரெண்டாவது கியர் போட்டதும் ரெண்டு கையையும் எடுத்திட்டு மிதிங்க” என்றாள். “உனக்குப் பைத்தியமா?” என்று கேட்டேன். “கொஞ்சத் தூரம்தானே, உடனே புடிச்சிக்கங்க” என்றாள். கைகளை ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு சாண் தூக்கிக்கொண்டு மிதித்தேன். என் கண்முன்னாலேயே, யாரும் தொடாமல், ஸ்டியரிங் தானாக இடப்பக்கம் கிறுகித் திரும்பினது. பயந்து காலை எடுத்தேன். அது உடனே வலப்பக்கம் துள்ளினது. வயலுக்குள் போட்ட அதே துள்ளல். பிடித்து நிறுத்தினேன்.

உன் உம்மா என் பக்கம் திரும்பிக் கேட்டாள்: “இப்ப ஆருட கை இழுத்த?”

நான் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன். மூன்று மாதம் நான் என்னையே குற்றவாளியாக்கி வைத்திருந்தேன், அதிலிருந்து ஒரு நிமிசத்தில் விடுதலை. பிறகு பிள்ளைகளைப் போல அந்த வீதியில் மேலும் கீழுமாக ஓடினோம். கியரை எடுத்துவிட்டுக் காரைச் சும்மா உருளவிட்டால் நேரே போனது. உருண்டு வரும்போது பிரேக்கை மிதித்தாலும் நேரே நின்றது. இஞ்சின் இழுக்கிற நேரம் மட்டும்தான் இடப்பக்கம், இழுப்பை விட்ட கணம் வலப்பக்கம். அப்படியென்றால் பிழை சில்லின் நேரில் இல்லை, பிரேக்கிலும் இல்லை. இஞ்சினுக்கும் சில்லுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. இதற்கு டோர்க் ஸ்டியர் என்று ஒரு பேர் இருப்பதைப் பல வருசம் கழித்து ஒரு பொறியியலாளர் சொல்லித்தான் அறிந்தேன். அன்றைக்கு நாங்கள் அதற்கு மிதி இழுவை என்று பேர் வைத்தோம்.

அந்தச் சந்தோசத்தோடு நான் ஒரு கெட்ட வேலை செய்தேன். நேரே காரைதீவுக்குப் போய், கராஜில் நாலைந்து வாடிக்கையாளர்கள் நிற்க, தங்கராசா பாஸைப் பார்த்துச் சத்தம் போட்டேன். காரில் ஒன்றுமில்லை என்று சொல்லி என்னை ஏமாற்றினீர், என் கையைப் பார்த்தீர், என் பிழைப்பைக் கெடுத்தீர் என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, “வா, நீ மிதிச்சுக் காட்டு” என்று மட்டும் சொல்லி என் பக்கத்தில் ஏறினார். சந்தி தாண்டி மிதித்துக் காட்டினேன். இரண்டு தடவை காட்டச் சொன்னார். பிறகு சொன்னார்: “நான் அண்டைக்குப் பிள்ளைத்தாய்ச்சிய ஏத்தினவன் மாதிரி மெல்லமா ஓடிப் பாத்தன் தம்பி. பழைய காருக்குப் பாக்கிற மாதிரிப் பாத்திட்டன். பிழை எனக்குத்தான்.” திரும்பி வந்து, நான் சத்தம் போட்ட அதே ஆட்களுக்கு முன்னாலேயே அதை மறுபடி சொன்னார். என் முகத்தை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த நாள் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், அதையும் ஆட்கள் நிற்கிற நேரம் பார்த்துத்தான் கேட்டேன். பின்னால், தமிழ் முஸ்லிம் கலவரங்களில், அந்த வீதியில் நாங்கள் நினைத்தபடி போய்வர முடியாத காலமும் வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் அது வரவில்லை. அன்றைக்கு அவர் தன் பிழையைச் சொன்ன விதம்தான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

தேடுதல் தொடங்கினது. முதலில் டயர். முன்சில்லு இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தன. உன் உம்மா தறி நூலில் ஒரு கட்டுக் கொண்டுவந்து, இரண்டு சில்லையும் ஜக் வைத்துத் தூக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் சுற்றி நூலைப் பிடித்து வெட்டினாள். இரண்டு நூலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று மற்றதைவிட நாலு விரல் கூட நீளம். கொழும்பில் யாரோ வேறு வேறு கம்பனி டயரைப் போட்டு ஓடியிருக்கிறார்கள். பின்சில்லு இரண்டும் சோடியாக இருந்ததால் அவற்றை முன்னுக்குக் கொண்டுவந்தோம். இழுவை கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. “அப்ப இது மட்டும் இல்ல” என்றார் பாஸ். ஒரு பிழையைக் கண்டதும் அதுதான் எல்லாம் என்று நான் துள்ளினேன், அவர் துள்ளவில்லை.

அடுத்தது, பொனட்டைத் திறந்து வைத்துவிட்டு, ஹாண்ட் பிரேக்கை இழுத்து, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, முதலாவது கியரில் கிளச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொன்னார். பாஸ் ஒரு பக்கமும் உன் உம்மா மறுபக்கமும் நின்று இஞ்சினைப் பார்த்தார்கள். உன் உம்மாதான் முதலில் கத்தினாள்: “எழும்புது! படுத்த எருமை எழும்புற மாதிரி இந்தப் பக்கத்தத் தூக்கிக்கொண்டு எழும்புது!” இஞ்சினைத் தாங்குகிற றப்பர் மவுண்டிங் ஒரு பக்கம் கிழிந்து போயிருந்தது. மிதிக்கிற நேரமெல்லாம் இஞ்சின் ஒரு பக்கம் தூக்கும். பாஸ் என்னை இறக்கிக் காட்டினார். இரண்டு முன்சில்லுக்கும் இஞ்சினிலிருந்து, சில்லைச் சுழற்றுகிற தண்டாக, ஒவ்வொரு எக்ஸல் போகிறது. கியர்ப்பெட்டி ஒரு பக்கமாக இருப்பதால் ஒரு எக்ஸல் கட்டை, மற்றது நீளம். இஞ்சின் தூக்கினால் கட்டை எக்ஸல்தான் கூடச் சரியும். சரிவு வேறு வேறாக இருந்தால் இரண்டு சில்லும் ஒரே மாதிரி இழுக்காது. “இதுக்குள்ள உன்ட கை எங்க தம்பி இரிக்கி?” என்று கேட்டு அவரே சிரித்தார்.

மூன்றாவதைக் காருக்கு அடியில் படுத்துக் கண்டுபிடித்தார். சில்லைத் தாங்குகிற கீழ்க்கை ஒன்று இருக்கிறது. அது பொருந்துகிற இடத்தில் றப்பர் புஷ் இருக்கும். இடப்பக்கப் புஷ்ஷுக்குள் ஒரு இரும்பு அலவாங்கைக் கொடுத்து நெம்பினபோது முழுச் சில்லும் முன்னுக்குப் போய் வந்தது. மிதித்தால் சில்லு முன்னுக்கு ஓடி முகத்தைத் திருப்பும், காலை எடுத்தால் பின்னுக்கு வந்து மறுபக்கம் திருப்பும். அந்தத் துள்ளலுக்கு விடை அதுதான்.

சாமானுக்குக் கொழும்புக்குச் சொல்லி அனுப்பினோம். ஐந்து கிழமையாகியும் வரவில்லை. அக்கரைப்பற்று ஆளுக்குக் கார் விற்பனைக்கில்லை என்று சொல்லியாகிவிட்டது. கடைசியில் பாஸ் ஒரு ட்ரக்டர் மவுண்டிங்கை வெட்டி இஞ்சினுக்கு வைத்தார். புஷ்ஷைப் பழைய லொறி டயரிலிருந்து செதுக்கி, ஒரு நெல் ஆலையின் லேத்தில் கடைந்த இரும்பு வளையத்துக்குள் அடித்து இறக்கினார். முதலாவது தடவை றப்பர் மிகவும் இறுக்கமாகப் போய்விட்டது. இழுவை குறைந்தது உண்மை, ஆனால் கார் முழுவதும் மா சலிக்கிற அரிதட்டுப் போல அதிர்ந்தது. உன் உம்மா பின்சீட்டிலிருந்து, “எனக்குப் பல்லுக் கழருது, நிப்பாட்டுங்க” என்றாள். பாஸ் எல்லாவற்றையும் கழற்றி, வேறு மெத்தென்ற றப்பரில் நடுவே துளை விட்டு மறுபடி செய்தார். அவர் செய்யத் தொடங்கி மூன்றாவது கிழமை எல்லாவற்றையும் பூட்டி, அதே வயல் வீதிக்குப் போய், கையைத் தூக்கிக்கொண்டு மிதித்தேன். ஸ்டியரிங் ஒரு விரற்கடை அசைந்து அப்படியே நின்றது. கார் நேரே போனது. பின்சீட்டில் பாஸ் தொடையில் தட்டினார். உன் உம்மா அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகச் சொன்னாள்.

அந்த ஒரு விரற்கடை மிச்சம் போகாது என்றும் பாஸ் சொன்னார். எக்ஸல் ஒன்று கட்டையாகவும் ஒன்று நீளமாகவும் இருக்கும்வரை அது இருக்கும். அதைக் காலால்தான் பார்க்க வேண்டும். கியர் முழுதாக விழுந்து இரண்டு கையும் ஸ்டியரிங்குக்கு வந்த பிறகுதான் மிதிப்பது, மிதிப்பதையும் எடுப்பதையும் மெல்லமாகச் செய்வது, முன் டயர் இரண்டுக்கும் ஒவ்வொரு கிழமையும் ஒரே அளவு காற்று. பிடியைத் தளர்த்தவும் கற்றுக்கொண்டேன். நான் இறுக்கிப் பிடித்ததே பாதி வலிக்குக் காரணம்.

உனக்கும் இதைத்தான் சொல்ல வருகிறேன். நாலு மாதமாக நீ இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாய். ஒருநாள் கையைத் தூக்கிப் பார். உனக்கு முன்னர் அந்தக் கதிரையில் இருந்தவர் இதே வேலையைத் தனியாகத்தான் செய்தாரா, அல்லது அவருக்கு இரண்டு பேர் உதவிக்கு இருந்தார்களா? எந்த நேரத்தில் பிழைக்கிறது? எப்போதும் பிழைக்கிறதா, மாத முடிவில் மட்டுமா? ஒன்றைக் கண்டதும் நின்றுவிடாதே. கண்ட வேகத்தில் போய் யாரிலும் பாயாதே, நான் பாய்ந்து வெட்கப்பட்டது போதும். எல்லாம் பார்த்த பிறகும் பிழை உன்னில்தான் என்றால் அதையும் ஒப்புக்கொள். போன மாதம் நான் ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடி மதில் ஓரத்தைப் பார்த்தேன். வலது கண்ணுக்கு மதிலில் பாதி தெரியவில்லை. இந்த முறை பிழை காரில் இல்லை, என்னில். அதனால்தான் நீ கேட்டதும் சாவியைக் கொடுத்தேன், நீ கேட்டதற்காக மட்டுமல்ல. ஆனால் பார்க்காமல் எழுதிக் கொடுக்காதே. சோதிக்காமல் உன்னைக் குற்றம் சொல்ல உனக்கும் உரிமை இல்லை.

இனி நீ கேள்விப்படாத நாளுக்கு வருகிறேன். கார் சரியாகிவிட்டது என்று நான் சொன்னதை ஸ்டாண்டில் யாரும் நம்பவில்லை. “காரு திருந்தும், கை திருந்துமா?” என்றார் ஜப்பார் காக்கா. அந்த வருசம் மார்கழி மழை பிடித்தது. மாவடிப்பள்ளியில் வெள்ளம் வீதிக்கு மேலால் ஓடி, வடிந்தபோது தாரையும் கொண்டுபோய், ஒரு பெரிய துண்டு வெறும் சேறாகக் கிடந்தது. பஸ் இல்லை. பள்ளிக்கூடங்களில் சாதாரணதரப் பொதுச்சோதனை நடந்துகொண்டிருந்தது. விடிந்து கொஞ்ச நேரத்தில் மாவடிப்பள்ளியிலிருந்து ஒரு விவசாயி சைக்கிளில் வந்து, தன் மகளோடு ஐந்து பிள்ளைகளைக் கல்முனைக்குக் கொண்டுவர வேண்டும், எட்டரைக்குக் கணக்குச் சோதனை என்றார். ஸ்டாண்டின் வரிசை முறைப்படி ஜப்பார் காக்கா போனார். ஏழரை மணிக்கு அதே விவசாயி சேறு சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருகிற வழியில் கார் சேற்றில் இறுகிவிட்டது, பின்சில்லுகள் சுழல்கின்றனவே ஒழிய நகரவில்லை என்றார். மற்ற இரண்டு டிரைவர்மாரும் தரையைப் பார்த்தார்கள். நான் எழும்பினேன். “காரு போகும், கை போகுமா?” என்று ஒருவர் முணுமுணுத்தது காதில் விழுந்தது.

விவசாயியையும் ஏற்றிக்கொண்டு போய், சேற்றுத் துண்டு தொடங்குகிற இடத்தில் இரண்டாவது கியரைப் போட்டு ஒரே சீராக மிதித்தேன். முன்சில்லுக் காரின் அருமை அங்கேதான். இஞ்சினின் பாரம் முழுவதும் இழுக்கிற சில்லுகளின் மேலேயே இருக்கிறது, அவை சேற்றைக் கவ்விக்கொண்டு போகும். பழைய இழுவை இருந்திருந்தால் அந்த மிதிக்குக் கார் இடப்பக்க வாய்க்காலுக்குள் இறங்கியிருக்கும். அது நேரே போனது. ஐந்து பிள்ளைகளும் வெள்ளைச் சீருடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரம்பில் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். ஜப்பார் காக்காவும் விவசாயியும் என் காரைத் தள்ளித் திருப்பித் தந்தார்கள். பிள்ளைகள் ஏறினதும் ஜப்பார் காக்கா கண்ணாடியண்டை குனிந்து, இந்த முறை பகிடியாக இல்லாமல் கேட்டார்: “மச்சான், கை தாங்குமா?” நான் கியரைப் போட்டேன்.

பின்னால் ஒருத்தி யாஸீன் ஓதினாள். ஒருத்தி வாய்ப்பாடு சொன்னாள். நடுவே ஒரு பள்ளத்தில் கார் மூச்சடைக்கப் பார்த்தது. நிறையவே மிதித்தேன், நேரே ஏறி வெளியே வந்தது. காரைதீவுச் சந்தியில் தங்கராசா பாஸ் கராஜ் வாசலில் நின்று சேறு பூசின காரைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினார். சாய்ந்தமருதுவைத் தாண்டியது எனக்கு ஞாபகமில்லை. சோதனை மண்டபத்தின் படலையில் நிறுத்தினபோது உள்ளே மணி அடித்தது. ஐந்து பேரும் ஓடினார்கள், ஒருத்தி ஒற்றைச் செருப்போடு. படலையில் நின்ற ஆசிரியர் ஒருவரையும் மறிக்கவில்லை.

நான் திரும்பிப் போனேன். அதற்குள் ஊரார் ஜப்பார் காக்காவின் காரைத் தூக்கித் தாருக்குக் கொண்டுவந்திருந்தார்கள், ஆனால் இஞ்சின் தண்ணீர் குடித்து நின்றுவிட்டிருந்தது. கயிற்றைக் கட்டி, முன்னங்காலில் நடக்கிற ஆட்டின் பின்னால், காரைதீவையும் சாய்ந்தமருதுவையும் தாண்டிக் கல்முனை வரைக்கும் இழுத்து வந்தேன். கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். ஸ்டாண்டில் நிறுத்தினதும் ஜப்பார் காக்கா இறங்கி வந்தார். எல்லாரும் கேட்க என்னை என் சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, தேத்தண்ணிக் கடைக்குள் கூட்டிப் போனார். அந்தப் பேர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வரும்போது நண்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்லியாகிவிட்டது. கதை எனக்கு முன்னரே வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. உன் உம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். தலைமுதல் கால்வரை சேறாக நின்ற என்னை மேலும் கீழும் பார்த்து, “கை எப்புடி?” என்று கேட்டாள்.

நான் உண்மையிலேயே விளங்காமல் கேட்டேன்: “எந்தக் கை?”

வாப்பா